கொத்தனார்கள் குளிர்காலத்தில் கட்டிய நகரம்: போலந்துக் கட்டடக்கலையும் கைவினையும்

டிசம்பர் மாதத்தின் முதல் வியாழக்கிழமை கிராக்கூவ் நகரின் பெரிய சதுக்கத்துக்குப் போனால், கவிஞர் ஆதாம் மிட்ஸ்கியெவிச்சின் சிலையடிப் படிகளில் ஒரு பளபளப்பான கூட்டத்தைப் பார்க்கலாம். கூட்டம் என்றது ஆட்களை மட்டுமல்ல, அவர்கள் தூக்கிவந்திருக்கும் குடில்களையும் சேர்த்துத்தான். கிறிஸ்துமஸ் குடில்கள்தான் அவை. ஆனால் வைக்கோலும் மாட்டுத் தொழுவமும் இருக்காது. இரட்டைக் கோபுரங்கள், பொன்னிறக் குவிமாடம், சித்திர வேலைப்பாடான கைப்பிடிச் சுவர், வண்ணக் கண்ணாடிச் சன்னல் என்று ஓர் அரண்மனையே சிவப்பும் பச்சையும் தங்கமுமான ஜிகினாத் தாளில் மின்னும். உள்ளே ஏதோ ஒரு மாடத்தில் குழந்தை ஏசு படுத்திருப்பார். பெத்லகேமை கிராக்கூவுக்கே குடிபெயர்த்துவிட்டார்கள்.

இதைத் தொடங்கியவர்கள் கொத்தனார்களும் தச்சர்களும். போலந்தின் குளிரில் சுண்ணாம்புச் சாந்து இறுகாது, உறைந்து உதிர்ந்துவிடும். அதனால் கட்டட வேலை பல மாதங்கள் நின்றுபோகும், கூலியும் நின்றுபோகும். 19ஆம் நூற்றாண்டில் நகரின் புறத்தே வாழ்ந்த கட்டடத் தொழிலாளர்கள் அந்த மாதங்களில் மெல்லிய மரச்சட்டத்தாலும் அட்டையாலும் குடில் செய்து, வீடு வீடாகத் தூக்கிப்போய்ப் பாட்டுப்பாடிக் காசு வாங்கினார்கள். மிகால் எஸெனெக்கியெர் என்ற கொத்தனார் செய்த குடில் ஒன்று இன்றும் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பின்னால் வந்த பலருக்கு அதுதான் அளவுகோல். 1937இல் நகரம் இதைப் போட்டியாக நடத்தத் தொடங்கியது. போர்க்காலத்தில் மட்டும் இடைவெளி. 2018இல் யுனெஸ்கோவின் வாழும் மரபுகள் பட்டியலில் போலந்திலிருந்து முதலாவதாக இடம்பெற்றது இந்தக் குடில்தான்.

போலந்தின் கட்டடக்கலையை விளக்கும் நூல்கள் பெரும்பாலும் அரசர்களிடமிருந்து தொடங்கும். நான் இந்தக் குடிலிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. கோடையில் சாரத்தில் ஏறி உண்மையான கோபுரத்தைப் பழுதுபார்த்த அதே கை, குளிர்காலத்தில் அதைச் சிறிதாக்கி, தனக்குப் பிடித்த பாகங்களை மட்டும் பொறுக்கிச் சேர்த்திருக்கிறது. எது ‘நம்முடையது’ என்று ஒரு தொழிலாளி எடுத்த முடிவு அது. அவர் பொறுக்கியவற்றில் பல, பிறப்பால் போலந்தைச் சேர்ந்தவை அல்ல. கூர்வளைவுகள் கொண்ட கோதிக் பாணி மேற்கிலிருந்து வந்தது, குவிமாடம் இத்தாலியர் கைவண்ணம். அவை எப்படி உள்ளூராயின என்பதுதான் சுவையான கதை.

குடிலின் எலும்புக்கூடு மரம். மேலே ஒட்டிய ஜிகினாத் தாளில் அது மறைந்துவிடும். போலந்திலும் மரம்தான் அடியில் இருக்கிறது.

“மரத்தால் ஆன போலந்தைப் பெற்றான், செங்கல்லால் ஆன போலந்தை விட்டுச்சென்றான்” என்று 1333 முதல் 1370 வரை ஆண்ட மூன்றாம் காஸிமீரைப் பற்றி ஒரு சொலவடை உண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த வரி. கோட்டைகளையும் நகர மதில்களையும் ஏராளமாகக் கட்டியவர், மறுப்பதற்கில்லை. ஆனாலும் சொலவடை கொஞ்சம் மிகைதான். கிராமங்கள் 20ஆம் நூற்றாண்டிலும் பெரும்பாலும் மரத்திலேயே இருந்தன. பின்னோக்கிப் போனால், பிஸ்கூப்பின் என்ற இடத்தில் ஏரிச் சேற்றுக்குள் புதைந்திருந்த ஒரு பழங்குடியிருப்பை 1933இல் உள்ளூர் ஆசிரியர் ஒருவர் கவனித்தார். அங்கே கிடைத்த ஓக் மரங்களின் ஆண்டு வளையங்களை எண்ணிப் பார்த்ததில், அவற்றில் பல கி.மு. 738ஐ ஒட்டிய குளிர்காலத்தில் வெட்டப்பட்டவை என்று தெரிந்தது. போலந்து என்ற பெயரே அப்போது இல்லை. ஆனால் அந்த மண்ணில் மரவேலை இருந்தது.

தெற்கே மலையடிவார ஊர்களில் மிஞ்சியிருக்கும் மரத் தேவாலயங்களைப் பார்த்தால் அந்த வேலையின் நுட்பம் புரியும். மரத்தடிகளைக் கிடைமட்டமாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். மூலைகளில் ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொள்ளும்படி வெட்டுப்போட்டு இணைப்பார்கள். சுவரையும் கூரையையும் மரச்சில்லுகளால் மீன்செதில்போல வேய்வார்கள். மழையும் பனியும் அந்தச் செதில்களில் வழிந்து ஓடிவிடும். சில்லு உளுத்தால் அதை மட்டும் மாற்றினால் போதும், உள்ளே இருக்கும் தடி நூற்றாண்டுகள் தாங்கும். இப்படிப்பட்ட ஆறு தேவாலயங்களை 2003இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. அவற்றில் ஹாச்சூவ் ஊரில் இருப்பது 15ஆம் நூற்றாண்டினது. டெம்ப்னோவில் உள்ளே நுழைந்தால் சுவரும் விதானமும் முழுக்க வண்ணக் கோலம். துளையிட்ட அச்சுத் தகட்டை வைத்து வைத்து இட்டவை, 500 ஆண்டுகளாகியும் நிறம் அதிகம் மங்கவில்லை.

எனக்குப் பிடித்தது செங்கோவா. சுமார் 1520இல் எழுந்த அந்தக் கோயிலின் கூரை ஒரு பெரிய கூடாரம்போலக் கிட்டத்தட்ட தரைவரை இறங்கி நிற்கும். சுவரைச் சுற்றித் தாழ்வாரம் ஓடுகிறது. போலிஷ் மொழியில் இந்தத் தாழ்வாரத்துக்குப் பெயர் ‘சொபோத்தி’, அதாவது ‘சனிக்கிழமைகள்’. தொலைவூர்க்காரர்கள் ஞாயிறு காலைப் பூசைக்கு சனிக்கிழமை மாலையே நடந்து வந்து அங்கே படுத்துக்கொள்வார்களாம். நம் ஊர்த் திண்ணைக்கு ஒரு கிழமையின் பெயரைச் சூட்டியதுபோல. முதல் உலகப் போரில் இந்தப் பக்கம் போர்முனையானபோது, பதுங்குகுழிக்கும் விறகுக்கும் இதன் மரத்தையே சிப்பாய்கள் உருவிக்கொண்டு போனார்கள். பிறகு ஊர் திரும்பப் பழுதுபார்த்தது.

மரத்தைத் தண்டனையாகவே விதித்த கதையும் உண்டு. இன்று போலந்தில் இருக்கும் சைலீசியா 17ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்க ஹாப்ஸ்பர்க் பேரரசரின் ஆட்சியில் இருந்தது. முப்பதாண்டுப் போரை முடித்த 1648ஆம் ஆண்டின் வெஸ்ட்ஃபாலியா சமாதானத்துக்குப் பிறகு, அங்கிருந்த லூத்தரன் (புராட்டஸ்டண்ட்) மக்களுக்கு மூன்றே மூன்று கோயில் கட்டிக்கொள்ள அனுமதி கிடைத்தது. நிபந்தனைகள்: நகர மதிலுக்கு வெளியே கட்ட வேண்டும், மரம், களிமண், மணல், வைக்கோல் தவிர வேறெதுவும் கூடாது, கோபுரமும் மணியும் கூடாது, ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும். சீக்கிரம் விழுந்துவிடட்டும் என்பதே கணக்கு. மூன்றில் ஒன்று தீக்கிரையானது. மற்ற இரண்டும், யாவோரிலும் ஷ்விட்னிட்சாவிலும், 350 ஆண்டுகளைத் தாண்டி நிற்கின்றன. ஷ்விட்னிட்சா கோயிலில் மாடம் மாடமாக ஏற்றி 7,500 பேருக்கு இடம் செய்திருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் பெரிய தானியக் கிடங்குபோல எளிமை. உள்ளே பரோக் அலங்காரம் கண்ணைக் கூசவைக்கும்.

செங்கல்லுக்கு வருவோம். வட போலந்துச் சமவெளியில் நல்ல கட்டடக் கல் அரிது. பனியாறுகள் விட்டுப்போன களிமண் வேண்டிய மட்டும் உண்டு. பிரான்சில் கல்லில் செதுக்கிய கோதிக் பாணி இங்கே வந்தபோது செங்கல்லுக்குத் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. செங்கல்லில் நுணுக்கமான சிற்பம் செதுக்க முடியாது. அதனால் அழகு அடுக்கும் முறைக்கு இடம்பெயர்ந்தது. ஒவ்வொரு வரியிலும் நீளவாக்கில் ஒரு கல், அகலவாக்கில் ஒரு கல் என்று மாறி மாறி வைக்கும் கட்டு இங்கே மிகப் பரவலாக இருந்ததால் அதற்கு ‘போலிஷ் கட்டு’ என்றே பெயர் உண்டு. கையால் அச்சிட்ட பழைய செங்கல்லில், ஈரக் களிமண்ணை வழித்த விரல்களின் தடம் வரிவரியாக இருக்கும். அப்படிப்பட்ட கல்லை ‘விரல் கல்’ என்ற பொருளில் அழைக்கிறார்கள். பழைய வீடுகளை இடிப்பவர்கள் இதைத் தனியாக எடுத்துவைப்பதுண்டு, நல்ல விலை போகும்.

செங்கல் கோதிக்கின் உச்சம் மால்போர்க் கோட்டை. இதைக் கட்டியவர்கள் போலந்தின் பரம எதிரிகளான டியூட்டானிக் வீரத்துறவிகள் என்ற ஜெர்மன் போர்த்துறவியர் அமைப்பினர். 1309இல் அவர்களின் தலைவர் இங்கே குடியேறினார். 1410இல் குருன்வால்ட் போரில் அவர்களை வென்றும் போலந்துப் படையால் கோட்டையைப் பிடிக்க முடியவில்லை. கடைசியில் 1457இல், சம்பளம் கிடைக்காத கூலிப்படையினர் கோட்டையைப் போலந்து அரசருக்கு விற்றுவிட்டார்கள். உலகின் மிகப் பெரிய செங்கல் கோட்டை கைமாறியது முற்றுகையால் அல்ல, சம்பளப் பாக்கியால். 1945ஆம் ஆண்டுச் சண்டையில் பாதிக்கு மேல் தகர்ந்ததை மீண்டும் கட்டியவர்களும் போலந்துக்காரர்களே. எதிரி கட்டியது என்று விட்டுவிடவில்லை.

கிராக்கூவின் புனித மரியன்னை ஆலயமும் செங்கல்தான். அதன் இரண்டு கோபுரங்களும் ஒரே உயரத்தில் இல்லை. ஒன்று 80 மீட்டருக்குச் சற்று மேல், மற்றது 69 மீட்டர். இரண்டு சகோதரக் கொத்தனார்கள் போட்டிபோட்டுக் கட்டியதாகவும், பொறாமையில் ஒருவன் மற்றவனைக் குத்திக் கொன்றதாகவும், அந்தக் கத்திதான் எதிரே ஜவுளி மண்டப வாசலில் தொங்குகிறது என்றும் ஊர் சொல்லும். நகரச் சட்டத்தின் கடுமையை நினைவூட்டத் தொங்கவிட்ட கத்தி என்பது பொருத்தமாகப் படுகிறது. ஆனால் கொத்தனார் கதை விற்பனையாகும் அளவுக்குச் சட்டம் விற்பனையாகாது. உள்ளே இருக்கும் பெரும் பீடம் நியூரம்பர்க்கிலிருந்து வந்த சிற்பி ஃபைட் ஷ்டோஸ் 1477 முதல் 1489 வரை செதுக்கியது. போலந்துக்காரர்களுக்கு அவர் வித் ஸ்த்வோஷ். சிற்பங்களின் முகங்களில் நகரத்துச் சாதாரண மனிதர்களின் சுருக்கமும் நரம்பும் தெரிகின்றன. இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் இதைப் பிரித்துக் கொண்டுபோனார்கள், 1946இல் திரும்பியது.

குடிலின் பொன்னிறக் குவிமாடம் கிராக்கூவின் அரண்மனைக் குன்றான வாவெலின்மேல் உள்ள சிகிஸ்மண்ட் சிற்றாலயத்தினுடையது. போலந்து அரசர் முதலாம் சிகிஸ்மண்ட் இளவரசராக இருந்தபோது ஹங்கேரியில் அண்ணனின் புடா அரண்மனையில் சில காலம் தங்கியவர், இத்தாலியக் கலைஞர்களின் வேலையை அங்கே பார்த்துப் பழகியவர். ஃபுளோரன்ஸிலிருந்து வந்த பர்த்தலோமெயோ பெரேச்சி 1519 முதல் 1533 வரை இந்தச் சிற்றாலயத்தை எழுப்பினார். ஆல்ப்ஸுக்கு வடக்கே இத்தனை தூய இத்தாலிய மறுமலர்ச்சிக் கட்டடம் வேறில்லை என்பார்கள். குவிமாடத்தின் உச்சியில், அண்ணாந்து தேடினால் மட்டும் கண்ணில் படும் இடத்தில், தன் பெயரைப் பொறித்திருக்கிறார் பெரேச்சி. பெயரோடு சேர்த்த லத்தீன் சொல்லுக்கு ‘கைவினைஞன்’ என்று பொருள். 1537இல் அவர் கிராக்கூவிலேயே கொலையுண்டார்.

பக்கத்திலிருக்கும் அரண்மனை முற்றத்தில் இத்தாலிக்கும் போலந்துக்கும் நடந்த பேரம் தெரிகிறது. மூன்றடுக்கு வளைவு மாடங்கள் ஃபுளோரன்ஸை நினைவூட்டும். ஆனால் மேல் மாடியில் தூண்கள் திடீரென்று இரு மடங்கு உயர்ந்து, ஒல்லியாகி, செங்குத்தான பெரிய கூரையைத் தாங்குகின்றன. இத்தாலிக்கு அந்தச் சரிவு தேவையில்லை. பனி விழும் ஊருக்குத் தேவை. தூதர் மண்டபத்தின் விதானத்தில் மரத்தில் செதுக்கிய மனிதத் தலைகள் 194 இருந்தன, இன்று எஞ்சியவை 30. அவற்றில் ஒரு பெண் தலையின் வாய் துணியால் கட்டப்பட்டிருக்கும். அதற்கு ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள்.

கைப்பிடிச் சுவர்தான் போலந்து தன் பெயரை ஒட்டவைத்த பாணி. மரக்கூரைகள் நெருங்கி நின்ற நகரங்களில் ஒரு வீட்டில் பிடித்த தீ தெருவையே தின்றுவிடும். அதைத் தடுக்கக் கூரையை வெளிப்புறம் சரியவிடாமல் உள்பக்கமாகப் பள்ளமாக அமைத்து, சுற்றிலும் உயரமான சுவர் எழுப்பினார்கள். தீ தாவாது. ஆனால் மழைநீரும் பனியும் நடுப்பள்ளத்தில் தேங்கும். அதை வெளியேற்றும் தாரைகளைப் பராமரிப்பது ஓயாத தொல்லை. அந்த மொட்டைச் சுவர் கண்ணுக்கு அசிங்கமாக இருந்ததால் அதில் மாடங்கள், சுருள்கள், முகமூடிகள், சிறு கூம்புகள் என்று விளையாடத் தொடங்கினார்கள். 1555இல் எரிந்த கிராக்கூவ் ஜவுளி மண்டபம் இந்தச் சுவரோடு எழுந்தது. பிறகு நாடெங்கும் பரவியது. விஸ்துலா ஆற்றங்கரைத் தானிய வணிகர் ஊரான காஸிமியெஷ் டோல்னியில் 1615இல் கட்டிய இரண்டு வீடுகளில் கைப்பிடிச் சுவர் வீட்டையே விழுங்கிவிடும்போல இருக்கிறது. புனிதர்கள், தாவரங்கள், வினோத விலங்குகள் என்று உள்ளூர்க் கையின் வெள்ளந்தியான சுதை வேலை. இத்தாலியர் பார்த்தால் முகம் சுளித்திருக்கலாம். எனக்கு அதில்தான் உயிர் இருப்பதாகப் படுகிறது. இதற்கு நேரெதிர் ஸாமோஷ்ச். 1580இல் யான் ஸமோய்ஸ்கி என்ற பிரபு, பதுவாவைச் சேர்ந்த பெர்னார்தோ மொராந்தோவை வைத்து, கோடுபோட்டு வரைந்து கட்டிய நகரம். அங்கேயும் ஆர்மீனிய வணிகர்கள் தங்கள் வீட்டு முகப்புகளை வண்ணம் பூசித் தங்களுக்கேற்ப ஆக்கிக்கொண்டார்கள்.

பரோக்கும் செவ்வியல் பாணியும் அரசர்களுடையவை. வார்சாவில் மூன்றாம் யான் சோபியெஸ்கியின் விலானூவ் அரண்மனை, கடைசி அரசர் ஸ்தானிஸ்வாவ் அவுகுஸ்து கட்டிய வாஷியென்கி அரண்மனை. அழகானவை, ஐரோப்பாவில் வேறெங்கும் இருந்திருக்கக்கூடியவை. அக்காலப் பிரபுக்கள் இடுப்பில் சுற்றிய பட்டு அரைக்கச்சை எனக்கு அவற்றைவிடச் சுவையானது. பாரசீகப் பாணியில், இன்றைய பெலாரஸிலுள்ள ஸ்லுட்ஸ்க் பட்டறையில், ஆர்மீனிய நெசவாளர் யான் மஜார்ஸ்கியின் கீழ் நெய்தது அது. போலந்துப் பிரபுவின் தேசிய உடை என்று எல்லாரும் போற்றியதன் ஊற்று கிழக்கே இருந்தது.

1795இல் நாடே மறைந்தது. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் பங்குபோட்டுக்கொண்டன. 1918வரை வரைபடத்தில் போலந்து இல்லை. அரசு இல்லாத இடத்தில் ‘எது நம் பாணி’ என்ற கேள்வி கூர்மையாகிறது. ஓவியரும் விமர்சகருமான ஸ்தானிஸ்வாவ் விட்கியெவிச் தத்ரா மலையடிவார ஸக்கோபானேவுக்கு வந்தார், அவருக்கு நுரையீரல் நோய். ஆஸ்திரிய ஆட்சியிலிருந்த அந்த ஊரில் 1876 முதல் மரவேலைப் பள்ளி ஒன்று இருந்தது, கோடை மாளிகைகள் சுவிஸ், டிரோல் பாணியில் எழுந்துகொண்டிருந்தன. பக்கத்திலேயே ‘குராலே’ என்ற மலைமக்கள் பழைய முறையில் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். விட்கியெவிச் அந்த வீடுகளைத் தச்சர்களோடு உட்கார்ந்து படித்தார்.

மலைவீட்டின் நடுநாயகம் உத்திரம். அறையின் குறுக்கே ஓடும் அந்தப் பெரிய தடியில் ஆண்டையும் ஆறிதழ் வட்டப் பூவையும் செதுக்குவார்கள். தடிகளுக்கு இடையே மெல்லிய மரச்சீவலைக் கயிறாகத் திரித்து அடைப்பார்கள், குளிர்காற்று புகாது. கதவில் மர ஆணிகளை உதயசூரியன் வடிவில் அடிப்பார்கள். இதையெல்லாம் பெரிதாக்கி, கல் அடித்தளத்தின்மேல் ஏற்றி, 1892-93இல் விட்கியெவிச் கட்டிய முதல் மாளிகை ‘கொலிபா’. பெயருக்குப் பொருள் இடையர் குடிசை. கட்டியவர்கள் மலைத்தச்சர்கள். 1897இல் எழுந்த ‘பொத் யெட்லாமி’ இன்னும் பிரமாண்டம். நாடாளுமன்றமோ படையோ இல்லாத மக்களுக்கு ஒரு கூரைச் சரிவு தேசச் சின்னமாயிற்று. இதில் ஒரு மிகை இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தெற்கு மூலையிலுள்ள ஒரு மலைக் கூட்டத்தின் வீட்டை, செங்கல்லும் களிமண்ணும் கொண்ட சமவெளிக்கும் பொதுவாக்க முடியாது. சுதந்திரம் வந்தபின் கட்டியவர்கள் தூண்முகப்புள்ள சிறு பிரபு வீட்டையே அதிகம் பின்பற்றினார்கள். ஆனால் ஸக்கோபானேயில் அந்தப் பாணி இன்றுவரை ஓயவில்லை, தங்கும் விடுதி முதல் சிற்றுண்டிக் கடை வரை.

பெண்களின் கை எங்கே என்று கேட்டால் ஸலிப்யேவுக்குப் போக வேண்டும். தார்னூவுக்கு அருகிலுள்ள கிராமம். பழைய வீடுகளில் புகைபோக்கி கிடையாது. அடுப்புப் புகையால் சுவர் கறுத்துவிடும். பெண்கள் சுண்ணாம்பு நீரால் கரிமேல் வெள்ளைப் புள்ளிகளும் திட்டுகளும் இட்டு மறைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் புகைபோக்கி வந்து, சுவர் வெளுத்தபின் புள்ளிகள் பூக்களாயின. வீட்டுச் சுவர், அடுப்பு, கிணறு, நாய்க்கூடு எதுவும் தப்பவில்லை. பசுவின் வால்முடியில் தூரிகை கட்டிக்கொண்டார்கள். 1974இல் மறைந்த ஃபெலிட்ஸியா சுரிவோவாவின் வீடு இன்று அருங்காட்சியகம். 1948இல் தொடங்கிய வர்ணவீட்டுப் போட்டி ஆண்டுதோறும் நடக்கிறது. வோவிட்ஸ், குர்ப்யே வட்டாரங்களில் சுவரை அலங்கரித்தது காகிதம். ஆட்டு ரோமம் கத்தரிக்கும் பெரிய கத்தரியால் அத்தனை நுணுக்கமான சேவலையும் மரத்தையும் வெட்டி ஒட்டுவார்கள். ஈஸ்டருக்கு வெள்ளையடிக்கும்போது பழையது போகும், புதியது வரும். வைத்துக் காப்பாற்றும் எண்ணமே கிடையாது.

காப்பாற்றும் எண்ணம் தலைநகர் வார்சாவுக்கு வேண்டியிருந்தது. ஜெர்மன் ஆக்கிரமிப்பை எதிர்த்து நகரத்தார் நடத்திய 1944ஆம் ஆண்டு எழுச்சியை அடக்கியபின் ஜெர்மன் படை நகரைத் தெருத்தெருவாக வெடிவைத்துத் தகர்த்தது. பழைய மையத்தில் 85 விழுக்காட்டுக்கு மேல் போய்விட்டது. ஆனால் போருக்கு முன் கட்டடக்கலை மாணவர்கள் பயிற்சிக்காக அளந்து வரைந்த தாள்கள் தப்பியிருந்தன. பேராசிரியர் யான் ஸாக்வாத்தோவிச்சும் தோழர்களும் அவற்றைப் பியோத்ர்கூவ் மடாலயத்தில் ஒளித்துவைத்திருந்தார்கள். 18ஆம் நூற்றாண்டு ஓவியர் பெர்னார்தோ பெல்லொத்தோவின் நகரக் காட்சிகளும் இருந்தன. ஓவியத்தைப் பார்த்து நகரத்தையே கட்டினார்கள் என்று ஒரு வரியில் சொல்வார்கள். உண்மை கொஞ்சம் சிக்கலானது. சந்தைச் சதுக்கத்துக்கு மாணவர்களின் அளவுகள்தான் பெரிதும் உதவின. பெல்லொத்தோ உதவியது அரச வீதியான கிராக்கோவ்ஸ்கியே பிஷெட்மியெஷ்ச்சியே பக்கம். அவர் தம் ஓவியங்களில் சில கட்டடங்களைக் கொஞ்சம் அழகுபடுத்தியிருந்தார். அந்த அழகுபடுத்தலும் செங்கல்லாகிவிட்டது. 19ஆம் நூற்றாண்டில் சேர்ந்த மாடிகளும் நெரிசலான பின்கட்டுகளும் திரும்பவில்லை. முகப்புக்குப் பின்னால் வெளிச்சமான புதிய குடியிருப்புகள். சுவர்களின் சித்திரங்களை 1953இல் ஓவியர் குழு ஒன்று புதிதாகவே வரைந்தது. செங்கல் போதாமல் வ்ரோத்ஸ்வாவ் போன்ற மேற்கு நகரங்களிலிருந்து ரயிலில் வந்தது. போர்வரை ஜெர்மனியாக இருந்த ஊர்களின் செங்கல் அது. யுனெஸ்கோ 1980இல் இந்தப் பழைய நகரைப் பட்டியலில் சேர்த்தபோது, மீட்டுக்கட்டிய செயலுக்கே மதிப்பளித்தது.

அதே காலத்தில், சற்றுத் தள்ளி, சோவியத் ஒன்றியத்தின் ‘பரிசாக’ 237 மீட்டர் உயரத்தில் பண்பாட்டு மாளிகை எழுந்தது, 1955இல் முடிந்தது. வடிவமைத்த லெவ் ருத்னெவ் வரைவதற்கு முன் போலந்தின் பழைய ஊர்களைச் சுற்றிப் பார்த்தார். கிராக்கூவ், ஸாமோஷ்ச், காஸிமியெஷ் டோல்னி. பார்த்துத் திரும்பியவர், ஸ்டாலின் காலத்து வானளாவியின் கூரை விளிம்புகளில் அந்த ஊர்களின் கைப்பிடிச் சுவரை வரிசையாக வைத்தார், சுருளும் கூம்பும் சகிதம். தீயைத் தடுக்க இத்தாலியர் கையால் வந்தது ரஷ்யர் கையால் திரும்பி வந்தது. அந்த மாளிகையை இடித்துவிட வேண்டும் என்ற பேச்சு வார்சாவில் அவ்வப்போது எழும். 2007 முதல் அதுவும் சட்டப்படி பாதுகாக்கப்படும் சின்னம். அதை எதிர்த்துக் கையெழுத்திட்டவர்களில் எழுத்தாளர்களும் கலைஞர்களும் இருந்தார்கள்.